பென்ஷன் வந்துவிட்டது, இனி உங்களை எதிர்பார்ப்பது யார்?

ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் எல்லோருக்கும் நன்றாகத்தான் போகும். தள்ளிப்போட்டு வந்த கண் ஆபரேஷன், வீட்டுக்குச் சுண்ணாம்பு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், தீர்த்தமலைக்கு ஒரு நடை என்று நாள் ஓடிவிடும். அதற்கப்புறம்தான் பிரச்சினை. காலை ஒன்பது மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறோம், போக இடமில்லை. தருமபுரி நான்கு ரோட்டிலோ கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலோ ஒரு டீயைக் குடித்து, பேப்பரை வரி விடாமல் படித்து முடித்தாலும் மணி பதினொன்றுகூட ஆகியிருக்காது. மாலைக்குள் வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை. ஆறு மாதம் இப்படிப் போனால் சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், "நான் எதுக்கு இருக்கேன்" என்று மனசு கேட்கத் தொடங்கும்.

இதற்கு யோகா செய்யுங்கள், புத்தகம் படியுங்கள், பேரப்பிள்ளைகளோடு விளையாடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் அதனால் மட்டும் அந்தக் கேள்வி போகாது. வாரத்தில் ஒரு கிழமையாவது, ஒரு குறிப்பிட்ட மணிக்கு, நீங்கள் வராவிட்டால் "ஏன் சார் இன்னும் வரலை?", "அக்கா எங்கே?" என்று கேட்கிற ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். எந்த வேலையை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது இந்த ஒன்றை வைத்துப் பாருங்கள். நீங்கள் போகாவிட்டாலும் எதுவும் நிற்காது, யாரும் தேடமாட்டார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய சங்கமாக இருந்தாலும், எவ்வளவு பெரிய பதவி கொடுத்தாலும், உங்களுக்கு அது வேண்டாம்.

முதலில் காசு விஷயத்தை முடித்துவிடுவோம். தமிழ்நாடு அரசு வேலையில் இருந்தவர்களுக்கு 2021இலிருந்து ஓய்வு வயது 60. பழைய பென்ஷன் இருக்கிறவர்களுக்கு மாத வருமானம் பற்றிப் பெரிய கவலை இருக்காது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துவிட்டு 58இல் வெளியே வருகிறவர் நிலை அப்படியில்லை. பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள், அதை வைத்துக்கொண்டு ஓசூரில் வீட்டு வாடகைகூடக் கொடுக்க முடியாது. காசு தேவைப்பட்டால் தேவை என்று நேராகச் சொல்லிச் சம்பளத்துக்கே வேலை தேடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, நாலு பேருக்குப் பயன்படுகிற வேலைக்குச் சம்பளம் வாங்குவது அந்த வேலையின் மதிப்பைக் குறைக்காது.

மத்திய அரசு 2021 அக்டோபர் 1 அன்று மூத்த குடிமக்கள் மறுவேலைக்கென்று சேக்ரட் என்ற இணையதளம் தொடங்கியது, அதில் பதிந்து வையுங்கள். ஆனாலும் நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை கிடைப்பது பெரும்பாலும் வாய்வழியாகத்தான். டர்னர், ஃபிட்டர், டூல் ரூமில் இருந்தவர்களைச் சின்னப் பட்டறைக்காரர்கள் தேடுகிறார்கள். புதிதாக வருகிற பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி பக்கத்துக் கூழ் ஆலைகளில் எடை, கணக்கு, லோடு பார்க்க நம்பகமான ஆள் தேவைப்படும், இரண்டு மூன்று மாத வேலை. கூட்டுறவு வங்கியில், சொசைட்டியில் இருந்தவர் என்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் கணக்குப் பார்க்கக் கேளுங்கள். நிறைய நிறுவனங்கள் நல்ல விவசாயிகளை வைத்துத் தொடங்கி, கணக்கை ஒழுங்காக எழுத ஆளில்லாமல் தடுமாறுகின்றன. வாட்ச்மேன் வேலையில் பன்னிரண்டு மணிநேர நைட் ஷிஃப்ட் என்றால் வேண்டாம். அறுபதுக்கு மேல் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துச் சம்பாதிக்கிற காசு மருந்துக்கடைக்குத்தான் போகும்.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். ஓய்வு பெற்றவர் கையில் பணிக்கொடை, பி.எஃப். என்று மொத்தமாகப் பணம் வந்திருப்பது ஊருக்கே தெரியும். "சார், நீங்க சும்மா இருக்கக் கூடாது, உங்க அனுபவம் வேணும்" என்று பேச்சை ஆரம்பித்து, பார்ட்னர்ஷிப், லே-அவுட், ஆள் சேர்க்கிற வியாபாரம் என்று முடிப்பவர்கள் வருவார்கள். ஈமு கோழி வளர்ப்பு மோசடியில் மேற்கு மாவட்டங்களில் எத்தனை குடும்பம் பணத்தைத் தொலைத்தது என்பது 2012இல் எல்லோரும் பார்த்ததுதான். உங்கள் நேரத்தைக் கொடுங்கள், உழைப்பைக் கொடுங்கள். மொத்தப் பணத்தையும் ஜாமீன் கையெழுத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அனுபவத்தைக் கேட்டு வருகிறவர் பணத்தைக் கேட்டால், அவருக்குத் தேவை உங்கள் அனுபவம் இல்லை.

சரி, சம்பளமில்லாத வேலைக்கு வருவோம். என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்ததும், இந்த இரண்டு மாவட்டத்துக்கும் மிகவும் தேவையானதும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதுதான். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம், கிருஷ்ணகிரி 71.46, தருமபுரி 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம் தருமபுரிக்கு. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று 2022இலிருந்து நடக்கிறது. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும், சம்பளம் கிடையாது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டால் போதும், எங்கே மையம், எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார்.

சொல்லிக்கொடுக்கும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனசோடு ஆரம்பிக்கிற பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் அ, ஆ என்று ஆரம்பிக்காதீர்கள். வருகிற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு, மாட்டைப் பிடித்துக் கட்டி, பால் கறந்து ஊற்றிவிட்டு ஏழு மணிக்கு வந்து உட்காருகிறார். அவரிடம் பெயரைக் கேட்டு அதைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். "இது நீங்கதான்" என்று சொல்லுங்கள். அப்புறம் வீட்டுக்காரர் பெயர், பிள்ளைகள் பெயர், ஊர் பெயர். மூன்றாவது வாரத்தில் பஸ் போர்டு: அரூர், மொரப்பூர், பாலக்கோடு, பென்னாகரம். "பஸ்ஸு எங்கே போவுது" என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்காமல் ஏறுகிற அந்த ஒரு நாள் வந்துவிட்டால் போதும், அப்புறம் வகுப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட வேண்டியதே இல்லை.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது கண். "எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது சார்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு மண்டையில் கோளாறே இல்லை, நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிற வெள்ளெழுத்துதான். நோட்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள். கண் முகாம் எங்கே நடக்கிறது என்று விசாரித்து நான்கைந்து பேரைச் சேர்த்துக் கூட்டிப்போங்கள். கண்ணாடி போட்ட அடுத்த வாரம் பாதிப் பாடம் தானாக நடக்கும். இன்னொன்று, அறுவடைக் காலத்தில் வகுப்புக்கு ஆள் வரவில்லை என்று கோபப்படாதீர்கள். ராகி அறுக்கிற நேரத்தில் யாரும் வரமாட்டார்கள், அது முடிந்ததும் வருவார்கள், நீங்கள் மட்டும் அதே கிழமையில் அங்கே உட்கார்ந்திருங்கள்.

பிள்ளைகளோடு இருக்கத்தான் விருப்பம் என்றால் ஊர்ப் பள்ளிக்கே போகலாம். போகும்போது ஒரு விஷயம். நீங்கள் தலைமையாசிரியராகவோ அதிகாரியாகவோ இருந்திருக்கலாம், அந்த நாற்காலியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆய்வுக்கு வந்தவர் மாதிரி வகுப்பறையில் நுழைந்து, கரும்பலகையைப் பார்த்து உதட்டைச் சுழித்தால், அடுத்த வாரம் உங்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். அதற்குப் பதிலாக, "டீச்சர், உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். "நாலாம் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு வாசிக்கவே வரலை, தனியா உட்கார வைக்க எனக்கு நேரமில்லை" என்பார். அந்த ஆறு பேர்தான் உங்கள் வேலை. வாரம் இரண்டு நாள், ஒரு மணிநேரம், திண்ணையில் உட்கார வைத்து வாசிக்க வையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் நிறைய, உங்களுக்கு அந்த மொழி வரும் என்றால் நீங்கள் செய்வதை வேறு யாராலும் செய்ய முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு, நீங்கள் படித்த பள்ளி என்றால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு, அதிலும் வருவாய்த் துறை, பதிவுத் துறை, வங்கி, தபால் ஆபீஸ் என்று பேப்பரோடு வாழ்ந்தவர்களுக்கு, திங்கட்கிழமை காத்திருக்கிறது. ஒவ்வொரு திங்களும் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அஞ்செட்டியிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்கள் வாசலில் காசு கொடுத்து மனு எழுதி வாங்குகிறார்கள். அந்த மனுவில் பாதிக்கு மேல் வணக்கமும் கும்பிடும்தான் இருக்கும், சர்வே எண் இருக்காது. நீங்கள் அவர்கள் ஊரிலேயே, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், பொதுவான ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனுவில் ஒரே விஷயம். பட்டாவும் முதியோர் பென்ஷனும் ஒரே தாளில் வந்தால் இரண்டும் நிற்கும். நிலம் என்றால் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண். ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால் அந்த ரசீது எண்ணும் தேதியும். ஒரிஜினலை எந்தக் காரணத்துக்கும் கொடுக்க விடாதீர்கள், நகல் மட்டும். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், "இதைத்தானே சொன்னீங்க?" என்று கேளுங்கள். சில சமயம் அப்போதுதான் உண்மையான பிரச்சினை வெளியே வரும். பட்டா மாற்றம் என்று வந்த அம்மா, வாசித்துக் காட்டும்போது, அண்ணன்காரர் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார் என்பார். அது வேறு மனு, வேறு அலுவலகம்.

கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்கி வரச் சொல்லுங்கள், அதை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராமல் கிடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் என்ன ஆயிற்று என்று கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "நான் முடித்துத் தருகிறேன்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். உங்கள் வேலை சரியாக எழுதிக் கொடுப்பது. காசு வாங்கக் கூடாது, வெள்ளரிக்காய், மாங்காய் என்று அன்பாகக் கொண்டுவந்தாலும் முடிந்தவரை திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாளைக்கு எதுவும் கொடுக்க முடியாத ஒருவர் உங்களிடம் வரத் தயங்குவார்.

இதை முறையாகச் செய்ய வேண்டும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், மூத்த குடிமக்களையெல்லாம் அதில் எடுக்கிறார்கள், பயிற்சியும் அடையாள அட்டையும் உண்டு, பணி செய்கிற நாளுக்குச் சிறு தொகையும் தருவார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், அறிவிப்பு எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது யாருக்காவது சொல்ல வேண்டிவரும்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பதும், பிள்ளைகள் பல்லில் காவி படிவதும், பெரியவர்களுக்கு முட்டியும் முதுகும் விறைத்துப்போவதும் நமக்குத் தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. வேதியியல் ஆசிரியராகவோ குடிநீர் வாரியத்திலோ இருந்தவர் என்றால், ஊரில் எந்தெந்த போர் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதை "குடிக்க வேண்டாம், புழங்க மட்டும்" என்று எழுதி வைக்கலாம். கிராம சபையில் அந்த ரிசல்ட்டை வைத்துப் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் மார்ச் 22 தண்ணீர் தினமே.

அக்காக்களுக்குத் தனியாக ஒன்று. நர்ஸாகவோ டீச்சராகவோ அங்கன்வாடியிலோ இருந்தவர் சொன்னால் ஊரில் ஒரு பெண் பிள்ளையின் கல்யாணம் நிற்கும். இங்கே பதினெட்டு ஆவதற்கு முன்னால் கட்டிக்கொடுப்பது இன்னும் நின்றபாடில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை முடிகிற சமயத்தில்தான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும், அந்த மாதங்களில் பிள்ளைகளின் வீட்டுக்குச் சும்மா ஒரு நடை போய்வாருங்கள். சட்டத்தைச் சொல்லி மிரட்டாதீர்கள், முதலில் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், பல சமயம் அம்மாவுக்கு விருப்பமே இருக்காது, துணைக்கு ஒருத்தி கிடைத்தால் வீட்டில் எதிர்த்துப் பேசுவார். கேட்காமல் தேதி குறித்துவிட்டார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், கூப்பிட்டவர் பெயர் வெளியே வராது. குழுவில் சேர்ந்து செய்தால் இன்னும் பலம். மகளிர் சுயஉதவிக் குழு என்பது தமிழ்நாட்டில் 1989இல் தொடங்கியதே நம்ம தருமபுரியில்தான், அந்தப் பழைய குழுக்களில் இருந்த பெண்கள் இன்றைக்கு அறுபதைத் தாண்டியவர்கள். நாலு பேரைக் கூட்டி உட்கார்ந்து பேச அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதெல்லாம் வேண்டாம், அமைதியாக ஏதாவது என்பவர்களுக்கு நடுகற்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ஏரிக்கரையிலும் புளியந்தோப்பிலும் நடுகல் சாய்ந்து கிடக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு தடவை போய் எழுத்தும் உருவமும் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் உங்கள் ஒன்றியத்தில் ஊர் ஊராகப் போய் போட்டோ எடுத்து, இடம் குறித்து, ஊர்ப் பெரியவர் சொல்லும் கதையையும் எழுதி வையுங்கள். கல்லின் மேல் பெயின்ட் அடிக்கிறார்கள் என்றால் பக்குவமாகச் சொல்லித் தடுங்கள். கும்பிடுகிற கல் என்றால் கும்பிடட்டும், அதனால்தான் அது இத்தனை நாள் பிழைத்திருக்கிறது.

வீட்டு விஷயத்தைப் பேசாமல் விட முடியாது. முப்பது வருஷம் வெளியே இருந்த மனுஷன் ஓய்வு பெற்றும் "சேவைக்குப் போறேன்" என்று சாப்பாட்டுக் கேரியரைக் கேட்டு நின்றால், அந்த வீட்டு அம்மாவுக்கு எப்போது ஓய்வு? அண்ணன்களே, வெளியே ஒரு கிழமை எடுத்துக்கொள்ளும் முன்னால் வீட்டில் ஒரு கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன், கேஸ், ஒரு நாள் சமையல், பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது. அப்போது அவரும் எங்காவது போக முடியும். பெண்களுக்கு சாதா டவுன் பஸ்ஸில் டிக்கெட் இலவசம், நேரம் மட்டும் கிடைத்தால் போதும். பெங்களூரில் மகன் வீட்டில் பேரப்பிள்ளை பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்றால் போங்கள், ஆனால் எத்தனை மாதம், திரும்பி வருவது எப்போது என்று போகும்போதே பேசிவிடுங்கள். பேசாமல் போன அம்மாக்கள் ஏழாவது மாடியில் பேச்சுத் துணையில்லாமல் ஐந்தாறு வருஷம் இருந்துவிடுகிறார்கள்.

ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு வேலை, வீட்டிலிருந்து அரைமணிக்குள் போகிற இடம், வாரம் ஒன்று அல்லது இரண்டு நாள். மூன்று மாதம் என்று சொல்லித் தொடங்குங்கள், பிடிக்கவில்லை என்றால் மூன்று மாதம் முடிந்ததும் சொல்லிவிட்டு விலகலாம், யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது. வர முடியாத நாளில் முதல் நாளே போன் பண்ணுங்கள், சம்பளம் இல்லை என்பதற்காக லீவு சொல்லாமல் விடக் கூடாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால், ஊரிலேயே இருக்கிற நாற்பது வயதுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு எப்போது என்ன சொல்லும் என்று தெரியாது. யாருக்கு எந்த மனு நிலுவையில் இருக்கிறது, யார் எந்த எழுத்து வரை வந்திருக்கிறார், கண்ணாடி வாங்க வேண்டியவர் யார் என்று நோட்டில் தேதி போட்டு, அவருக்கும் புரிகிற கையெழுத்தில் எழுதி வையுங்கள்.